கவலைச் சால் முதல் குரோம்பேட்டை வரை: சர் ஆல்ஃபிரட் சாட்டர்ட்டன்



ஆண்டு மலருக்கு ஒரு பெரியவரின் வாழ்க்கை வரலாறு எழுதித் தரும்படி மலர்க்குழுவினர் கேட்டார்கள். யாரைப் பற்றி எழுதலாம் என்று ஒரு வாரம் யோசித்தேன். விசுவேசுவரய்யாவைப் பற்றி எழுத இன்ஜினியர்ஸ் டே இருக்கிறது. ஜி.டி. நாயுடுவைப் பற்றி எழுதாத மலரே கிடையாது. அப்துல் கலாமைப் பற்றி முதலாமாண்டுத் தம்பிகள் எப்படியும் கவிதையே எழுதிவிடுவார்கள். அதனால் நான் ஒரு வெள்ளைக்கார வாத்தியாரைத் தேர்ந்தெடுத்தேன். பெயர் ஆல்ஃபிரட் சாட்டர்ட்டன்.

யாருய்யா அது என்று கேட்கிறீர்களா? ஒரு காலத்தில் சென்னை, ஊட்டி, மைசூர், லண்டன் என்று நாலு இடத்திலும் அடிபட்ட பெயர் இது. இந்தியத் தொழில் வரலாறு எழுதுகிற யாரும் இவரைத் தாண்டிப் போக முடியாது. இன்று நாம் தொழில் துறை, தொழில் மையம் என்றெல்லாம் சொல்லி, கடனுக்கும் மானியத்துக்கும் ஃபைலைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறோமே, அந்த மாதிரி ஓர் அரசாங்க இலாகாவைத் தென்னாட்டில் முதன்முதலாக நடத்திக் காட்டியவர் இவர்தான். இதைவிட முக்கியமான விஷயம் ஒன்று இருக்கிறது. அந்த இலாகா தோற்றதால் மூடப்படவில்லை. ஜெயித்ததால் மூடப்பட்டது! அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

கையில் கற்ற படிப்பு

சாட்டர்ட்டன் 1866-ல் பிறந்தவர். லண்டனில் ஃபின்ஸ்பரி தொழில்நுட்பக் கல்லூரியில் படித்தார். அந்தக் கல்லூரி நம் பாலிடெக்னிக்குக்கு ஒரு வகையில் பாட்டன் முறை. ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் மாதிரி லத்தீனும் கிரேக்கமும் சொல்லிக் கொடுக்கிற இடம் அல்ல. தொழிலாளி வீட்டுப் பிள்ளைகளும் வந்து லேப்பிலும் ஒர்க்‌ஷாப்பிலும் கையால் செய்து கற்றுக்கொள்ள வேண்டும் என்பதற்காக 1880-களில் தொடங்கப்பட்ட இடம். நாம் முதல் வருஷம் ஃபிட்டிங் ஷாப்பில் அரம் பிடித்துக் கை காய்த்துப்போய் அலுத்துக்கொள்கிறோம் அல்லவா? அந்த மாதிரிப் பயிற்சிதான் சாட்டர்ட்டனுக்கு வாழ்நாள் முழுக்கச் சோறு போட்டது.

1888-ல் சென்னைப் பொறியியல் கல்லூரிக்குப் பேராசிரியராக வந்து சேர்ந்தார். வயது 22-தான். இன்று கிண்டியில் இருக்கும் அந்தக் கல்லூரி அப்போது சேப்பாக்கத்தில் இருந்தது. ரோடு, பாலம், ஏரி, கால்வாய் என்று பொதுப்பணித் துறைக்கு ஆள் தயார் செய்வதுதான் அதன் வேலை. பாடம் நடத்தி, பேப்பர் திருத்தி, பென்ஷன் வாங்கிக்கொண்டு இவர் நிம்மதியாகக் கப்பல் ஏறியிருக்கலாம். ஆனால் இவர் கண் வேறு பக்கம் போயிற்று. இந்த நாட்டில் நெசவாளி இருக்கிறார், கன்னார் இருக்கிறார், தச்சர் இருக்கிறார், தோல் பதனிடுபவர் இருக்கிறார். எல்லோருக்கும் கைத்திறமை இருக்கிறது. அப்படியிருந்தும் தொழில் ஏன் படுத்துக்கொண்டே போகிறது? இந்தக் கேள்விதான் அவரைப் பிடித்துக்கொண்டது.

ஒரு டம்ளரில் தொடங்கிய தொழில்

1890-களின் கடைசியில் எழும்பூரில் இருந்த கலைப் பள்ளியின் பொறுப்பு சாட்டர்ட்டனிடம் வந்தது. இன்றைய அரசு கவின் கலைக் கல்லூரிதான் அது. டாக்டர் அலெக்சாண்டர் ஹன்டர் என்பவர் 1850-ல் தொடங்கியது. அங்கே போனதும் சாட்டர்ட்டன் கையில் எடுத்த பொருள் அலுமினியம்.

மெட்டலர்ஜி பாடத்தில் ஹால்-ஹெரூல்ட் முறை என்று படித்திருப்பீர்கள். மின்சாரத்தை வைத்து அலுமினியம் பிரிக்கும் அந்த முறையை 1886-ல்தான் கண்டுபிடித்தார்கள். அதற்கு முன்னால் அலுமினியம் விலை உயர்ந்த உலோகம். அதற்குப் பிறகு சரசரவென்று விலை இறங்கியது. சாட்டர்ட்டன் யோசித்தார். நம் ஊர் வீடுகளில் பித்தளையும் செம்பும்தான் பாத்திரம். கனம் அதிகம். ஈயம் பூசாவிட்டால் களிம்பு ஏறும். எங்கள் ஆயா சின்ன வயசில் தெருவில் ஈயம் பூசுபவர் குரல் கேட்டாலே பாத்திரங்களை அள்ளிக்கொண்டு ஓடுவார்களாம். அந்தச் செலவும் இல்லாமல், கனமும் இல்லாமல் ஒரு பாத்திரம் வந்தால் ஜனங்கள் வாங்க மாட்டார்களா?

1898-ல் கலைப் பள்ளியிலேயே அலுமினியப் பாத்திரம் செய்ய ஆரம்பித்தார்கள். தகட்டை வெளிநாட்டிலிருந்து வரவழைத்து, பித்தளை வேலை தெரிந்த உள்ளூர்க் கைகளை வைத்து அடித்தார்கள். சும்மா கண்காட்சியில் வைக்க நாலு சாமான் செய்துவிட்டு நிறுத்தவில்லை. உண்மையான விலை போட்டு, கடைச் சரக்காக விற்றார்கள். வியாபாரம் சூடு பிடித்தது. 1903-ல் இந்தியன் அலுமினியம் கம்பெனி என்ற தனியார் கம்பெனிக்கு அந்தப் பிரிவை அரசாங்கம் விற்றுவிட்டது.

இங்கே கொஞ்சம் நிற்போம் நண்பர்களே. சாட்டர்ட்டனின் முறை முழுவதும் இந்த ஒரு கதையில் அடங்கியிருக்கிறது. முதலில் அரசாங்கச் செலவில் செய்து பார். தப்பு வந்தால் அந்த நஷ்டம் அரசாங்கத்தோடு போகட்டும். கைக்கு வந்தபின் சந்தையில் விற்றுப் பார். லாபம் உண்டு என்று ஊருக்குத் தெரிந்ததும் தனியாரிடம் கொடுத்துவிட்டு அடுத்த பொருளுக்குப் போ. புதுத் தொழிலில் முதல் பள்ளத்தில் விழுந்து எழுகிற வேலையை அரசாங்கம் செய்யட்டும் என்பதுதான் அவர் கணக்கு. பணம் உள்ளவர் புதுசில் கைவைக்கப் பயப்படுவார். பயப்படாதவரிடம் பணம் இருக்காது. இது அன்றைக்கும் உண்மை, இன்றைக்கும் உண்மை.

கிணற்றடியில் பிறந்த குரோம் தோல்

அடுத்தது தோல். இந்தக் கதை கிணற்றடியில் தொடங்குகிறது.

கவலை ஏற்றத்தை நம்மில் பலர் பார்த்திருக்க மாட்டோம். எங்கள் தாத்தா பாகூர்ப் பக்கம் சின்ன வயசில் கவலை ஓட்டியவர். இரண்டு மாடுகள் சரிவில் இறங்கி நடக்கும். வடம் இழுபட்டுச் சால் மேலே வரும். சாலின் அடியில் தோலால் செய்த குழாய் மாதிரி ஒரு வால் தொங்கும். மேலே வந்ததும் அதன் வழியாகத் தண்ணீர் தொட்டியில் கொட்டும். பல ஊர்களில் சாலே முழுக்கத் தோலால் ஆனதாக இருக்கும். நாள் முழுக்க நனைந்தும் காய்ந்தும் கிடப்பதால் அந்தத் தோல் சீக்கிரம் இற்றுப்போகும். புதுத் தோல் மாற்றுவது விவசாயிக்குப் பெரிய செலவு என்று தாத்தா சொல்லக் கேட்டிருக்கிறேன்.

சாட்டர்ட்டன் இதைக் கவனித்தார். நம் ஊரில் தோல் பதனிடுவது ஆவாரம்பட்டையால். வாரக்கணக்கில் ஊற வேண்டும். அமெரிக்காவில் 1880-களிலேயே குரோமிய உப்பை வைத்துப் பதனிடும் முறை வந்துவிட்டது. வேலை சீக்கிரம் முடியும். தோலும் தண்ணீரைத் தாங்கும். இந்தப் புது முறை நம் வியாபாரத்தையே அடித்துக்கொண்டிருந்தது. பதனிட்ட ஆட்டுத்தோலை விற்றுவந்த சென்னை மாகாணம், பச்சைத் தோலை ஏற்றுமதி செய்யும் நிலைக்கு இறங்கியது. கப்பலில் போன அந்தத் தோல் அங்கே குரோம் முறையில் பதனிடப்பட்டது.

1903-வாக்கில் சாட்டர்ட்டன் குரோம் சோதனைகளை ஆரம்பித்தார். கவலைச் சாலுக்குத் தோல், செருப்புக்குத் தோல், பூட்ஸுக்குத் தோல் என்று கிளை விட்டது. அதற்காக அரசாங்கத் தோல் தொழிற்சாலை ஒன்றே நடந்தது. அதன் பின்னால் தனியாரும் இந்த முறைக்கு வந்தார்கள். சேம்பர்ஸ் என்ற வெள்ளைக்காரர் 1910-களில் பல்லாவரத்துக்குப் பக்கத்தில் குரோம் லெதர் கம்பெனி நடத்தினார். பஸ்ஸில் தாம்பரம் தாண்டிச் சென்னைக்குள் போகும்போது வருகிற குரோம்பேட்டை, அந்தக் கம்பெனியால் பெயர் பெற்ற ஊர்தான். குரோம் என்றால் நமக்குப் பீரியாடிக் டேபிளில் 24-ம் நம்பர். அந்தத் தனிமத்தின் பெயரில் ஓர் ஊரே இருக்கிறது பாருங்கள்!

ஆனால் நாம் இன்றைக்கு இருந்துகொண்டு இதைப் பேசுகிறோம். அதனால் இன்னொரு பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். பிற்காலத்தில் வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி வட்டாரத்தில் தோல் பதனிடும் தொழில் பெருகியது. கழிவு பாலாற்றுப் படுகையில் இறங்கி, குடிதண்ணீரும் வயலும் கெட்டன. வழக்கு சுப்ரீம் கோர்ட் வரை போய், 1996-ல் தீர்ப்பு வந்தது. மாசுபடுத்தியவரே அதற்கான விலையைக் கொடுக்க வேண்டும் என்ற கொள்கையை நாட்டுக்கே நிலைநாட்டிய தீர்ப்பு அது. சாட்டர்ட்டன் காலத்தில் கழிவு என்ற கேள்வியை யாரும் பெரிதாகக் கேட்கவில்லை. நாம் கேட்டே ஆக வேண்டிய தலைமுறை.

பம்பு செட் வந்த கதை

தோலை நல்லதாக்கினால் மட்டும் போதுமா? மாட்டின் வேகத்துக்குத்தானே தண்ணீர் வரும்? கிணற்றில் ஊற்று இருந்தும் இறைக்க முடியாமல் நிலம் காய்ந்தால் என்ன பிரயோஜனம்? அதனால் சாட்டர்ட்டன் ஆயில் இன்ஜினையும் பம்பையும் கிணற்றடிக்குக் கொண்டுவந்தார்.

இன்ஜினை வாங்கிக் கொடுத்துவிட்டுப் போட்டோ எடுத்துக்கொள்வதோடு அவர் நிற்கவில்லை. ஒரு கிணற்றில் எவ்வளவு தண்ணீர் ஊறுகிறது, எத்தனை அடியிலிருந்து தூக்க வேண்டும், மாடு கட்டி இறைத்தால் செலவு எவ்வளவு, இன்ஜின் வைத்தால் எவ்வளவு, எத்தனை ஏக்கர் இருந்தால் கட்டுப்படியாகும் என்று அளந்து கணக்குப் போட்டார். நாம் ஹைட்ராலிக்ஸ் லேப்பில் டிஸ்சார்ஜ், ஹெட், எஃபிஷியன்சி என்று டேபிள் போடுகிறோமே, அதையே வயலில் போய்ச் செய்தார். சின்ன நிலக்காரருக்கு இன்ஜின் கட்டுப்படியாகாது என்றால் அதையும் மறைக்காமல் கணக்கில் காட்டினார். வாங்க விரும்புபவருக்கு அரசாங்கக் கடன் கிடைக்க வழி செய்தார்கள். கிணற்றுக்குள் போர் போட்டு ஊற்றைப் பெருக்கவும் ஆட்களை அனுப்பினார்கள். ஏற்ற இறைவைப் பாசனம் பற்றி அவர் புத்தகமே எழுதினார்.

இதில் நம்ம ஊர் சங்கதி ஒன்று உண்டு. புதுச்சேரியைச் சுற்றியுள்ள பூமியில் நிலத்தடி நீர் அன்றைக்கே பேர்போனது. 1870-களின் பிற்பகுதியிலேயே இங்கே சவானா ஆலையில் ஆர்ட்டீசியன் கிணறு தோண்டி, தண்ணீர் தானாகப் பொங்கி வந்தது. அதைப் படித்துப் பார்க்க இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையிலிருந்து ஆள் வந்து அறிக்கை எழுதினார்கள். அப்படித் தானாகப் பொங்கிய பூமியில்தான் இன்று சப்மெர்சிபிள் மோட்டாரை ஆழத்துக்கு இறக்குகிறோம். கடலோரப் போர்களில் உப்புத்தண்ணீர் ஏறுகிறது. பம்பு ஒரு வரம்தான். ஆனால் அளந்து இறைக்கச் சொன்ன அந்தக் கணக்கை மறந்துவிட்டு, இன்ஜினை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

சேலத்தில் ஓடாத தறி

எல்லாவற்றிலும் ஜெயித்தார் என்று எழுதினால் அது வரலாறு ஆகாது, வாழ்த்து மடல் ஆகிவிடும். கைத்தறியில் சாட்டர்ட்டனுக்குச் சோதனை காத்திருந்தது.

பழைய தறியில் நாடாவைக் கையால் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் எறிய வேண்டும். விசைநாடா பூட்டினால் கயிற்றை இழுத்தாலே நாடா பறக்கும். வேலை வேகமாகும். சேலத்தில் அரசாங்க நெசவாலை ஒன்றைத் தொடங்கி, நெசவாளர்களை ஒரே கூரையின் கீழ் வைத்து, புதுத் தறியில் கூலிக்கு நெய்ய ஏற்பாடு செய்தார்கள். நெசவாளர்கள் தயங்கினார்கள். காரணம் இருந்தது. தறி என்பது அவர்களுக்கு வீடு. மனைவி நூல் சுற்றுவார், பிள்ளை தார் போடும், பெரியவர் பாவு பார்ப்பார். ஆள் ஒருவரை மட்டும் ஆலைக்கு அழைத்து, மணி அடித்தால் வா, மணி அடித்தால் போ என்றால் அந்தக் குடும்பத்தின் மற்ற கைகள் என்ன செய்யும்? தறியை மாற்றலாம் என்று கணக்குப் போட்ட இன்ஜினியர், தறியைச் சுற்றியிருந்த குடும்பத்தைக் கணக்கில் சேர்க்கவில்லை. சேலம் ஆலை நிலைக்கவில்லை. ஆனால் விசைநாடா நிலைத்தது. நெசவாளர்கள் தங்களுக்குச் சௌகரியப்பட்ட இடத்தில், தங்கள் வீட்டுத் தறியிலேயே அதைப் பூட்டிக்கொண்டார்கள்.

ஊட்டியில் பிறந்து லண்டனில் இறந்த இலாகா

1908-ம் வருஷத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சுதேசி இயக்கம் கொதித்துக்கொண்டிருந்த நேரம். 1906-ல் கப்பல் கம்பெனி தொடங்கிய வ.உ.சி. 1908-ல் சிறைக்குப் போனார். அதே 1908-ல்தான் பாரதியார் பிரிட்டிஷ் போலீசுக்குத் தப்பி நம் புதுச்சேரிக்கு வந்தார். அதே வருஷம்தான் கவர்னர் சர் ஆர்தர் லாலி ஊட்டியில் ஒரு தொழில் மாநாட்டைக் கூட்டினார். மாகாணத்தில் தொழில் வளர்க்கத் தனி இலாகா வேண்டும் என்று அங்கே முடிவெடுத்தார்கள். அதை நடத்தும் டைரக்டர் பொறுப்பு சாட்டர்ட்டனுக்கு.

வேடிக்கையைப் பாருங்கள். சொந்தக் கையால் தொழில் தொடங்கிய தமிழனைச் செக்கிழுக்க வைத்த அதே அரசாங்கம், தொழில் வளர்க்க இலாகாவும் வைத்தது! சாட்டர்ட்டன் இந்த முரண்பாட்டின் நடுவில்தான் உட்கார்ந்து வேலை பார்த்தார். அவர் சுதேசிக்காரர் அல்ல. பிரிட்டிஷ் அரசாங்கச் சம்பளக்காரர். ஆனாலும் அவர் கேட்டதும் சுதேசிக்காரர்கள் கேட்டதும் ஓர் இடத்தில் ஒன்றாயின. இந்தப் பொருளை இங்கேயே ஏன் செய்யக்கூடாது என்ற கேள்விதான் அந்த இடம்.

அப்போது பிரெஞ்சுக்காரர் கையில் இருந்த புதுச்சேரி இதற்கு நேர்மாறான காட்சி. இங்கே 19-ம் நூற்றாண்டிலிருந்தே பெரிய ஆலைகள் இருந்தன. நீலச் சாயத் துணி கப்பலேறி ஆப்பிரிக்காவுக்குப் போனது. நெய்தது நம் கை, முதலும் சந்தையும் அவர்களுடையது. தலைமுறை தலைமுறையாக ஊருக்குச் சோறு போட்ட பஞ்சாலைகளில் ஏ.எஃப்.டி., சுதேசி, பாரதி ஆலைகள் 2020-ல் மூடப்பட்டன. ஓர் ஊர் ஒரே தொழிலை நம்பியிருந்தால் என்ன ஆகும் என்பதை நம்மில் பலர் வீட்டில் அப்பா, பெரியப்பா சொல்லிக் கேட்டிருப்போம்.

சரி, கதைக்கு வருவோம். சாட்டர்ட்டன் இலாகா வளர வளர எதிர்ப்பும் வளர்ந்தது. சென்னையிலிருந்த ஐரோப்பிய வியாபாரிகள் முறையிட்டார்கள். அரசாங்கம் வரிப்பணத்தில் பாத்திரம் செய்து, தோல் பதனிட்டு விற்றால் வியாபாரிகள் எப்படிப் போட்டி போடுவது என்பது அவர்கள் வாதம். வாதத்தில் நியாயமே இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் அந்தத் தொழில்களை அதற்கு முன் அவர்கள் யாரும் இங்கே தொடங்கிக் காட்டவில்லை என்பதுதான் உண்மை.

1910 ஜூலையில் லண்டனிலிருந்து உத்தரவு வந்தது. இந்தியா மந்திரி லார்டு மார்லி அனுப்பியது. அரசாங்கம் தொழில் கற்றுக் கொடுக்கலாம், பள்ளிக்கூடம் நடத்தலாம். ஆனால் தானே தொழில் நடத்தக் கூடாது. அவ்வளவுதான்! தோல் தொழிற்சாலை விற்கப்பட்டது. நெசவாலை மூடப்பட்டது. இலாகா கலைக்கப்பட்டது. விவசாயத்தோடு சேர்ந்தது என்பதால் பம்பும் போரும் தப்பின. இந்தியத் தலைவர்களும் பத்திரிகைகளும் கண்டனம் செய்தார்கள். பின்னால் வந்த லார்டு க்ரூ கெடுபிடியைக் கொஞ்சம் தளர்த்தினார். 1914-ல் சென்னையில் தொழில் இலாகா மறுபடி உயிர் பெற்றது. ஆனால் அதற்குள் சாட்டர்ட்டன் வேறு ஊருக்குப் போய்விட்டார்.

மைசூர் சந்தனம்

போன இடம் மைசூர். 1912-ல் விசுவேசுவரய்யா அங்கே திவான் ஆனார். தொழில் வளராவிட்டால் நாடு அழியும் என்று நினைத்த திவானுக்கு, தொழிலை நடத்திக் காட்டத் தெரிந்த டைரக்டர் கிடைத்தார். சமஸ்தானத்துக்கு மார்லி உத்தரவின் கெடுபிடியும் கிடையாது.

1914-ல் முதல் உலகப் போர் மூண்டது. மைசூர்ச் சந்தனக்கட்டையை அதுவரை அதிகம் வாங்கி எண்ணெய் எடுத்தவர்கள் ஜெர்மன்காரர்கள். போரால் அந்தச் சந்தை நின்றுபோனது. கட்டை காட்டிலும் கிடங்கிலும் தேங்கியது. மற்றவராயிருந்தால் போர் முடியட்டும் என்று உட்கார்ந்திருப்பார்கள். சாட்டர்ட்டனோ எண்ணெயை நாமே எடுத்தால் என்ன என்று இறங்கினார். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்துப் பேராசிரியர்கள் சட்பரோவும் வாட்சனும் சோதனைச் சாலையில் முறையைச் சரிசெய்து கொடுத்தார்கள். 1916-ல் பெங்களூரிலும், அதை அடுத்து மைசூரிலும் சந்தன எண்ணெய் ஆலை வந்தது. மைசூர் சாண்டல் சோப்பு அந்த எண்ணெய் வழி வந்த வாரிசு. இன்றைக்கும் அது அரசாங்கக் கம்பெனியின் சரக்குதான்.

அரசாங்கம் தொழில் நடத்தக் கூடாது என்ற வாதம் 1910-ல் சென்னையில் சாட்டர்ட்டனின் ஆலைகளை மூடியது. ஆறே வருஷத்தில் மைசூரில் அதே மனிதர் அதே முறையில் ஆலை தொடங்கினார். போர் பிரிட்டிஷாரையும் யோசிக்க வைத்தது. கப்பல் வராவிட்டால் இந்தியாவில் ஆணிகூடக் கிடைக்காது என்ற நிலை. 1916-ல் சர் தாமஸ் ஹாலந்து தலைமையில் இந்தியத் தொழில் கமிஷன் அமைத்தார்கள். மதன்மோகன் மாளவியா, சர் தோராப்ஜி டாட்டா போன்றவர்களோடு சாட்டர்ட்டனும் அதில் உறுப்பினர். தொழில் வளர்ச்சியில் அரசாங்கம் நேரடியாக இறங்க வேண்டும், மாகாணம்தோறும் தொழில் இலாகா வேண்டும் என்று 1918-ல் கமிஷன் சொன்னது. அது போதாது என்று மாளவியா தனிக் குறிப்பு எழுதினார். எட்டு வருஷத்துக்கு முன் குற்றமாக இருந்தது, இப்போது கொள்கை ஆகிவிட்டது!

1919-ல் சாட்டர்ட்டனுக்கு சர் பட்டம் கிடைத்தது. சென்னை மாகாணம் 1922-ம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் தொழில்களுக்கு அரசு உதவி தர ஆரம்பித்தது. 90 வயதைத் தாண்டி வாழ்ந்து, 1958-ல் அவர் காலமானார். இந்தியா விடுதலை பெற்றதும், 1954-ல் பிரெஞ்சுக் கொடி இறங்கி நம் புதுச்சேரி தாய்நாட்டோடு சேர்ந்ததும் அவர் காலத்திலேயே நடந்தன. அவர் மறைந்த அதே 1958-ல், அவர் பாடம் நடத்திய கல்லூரி இன்று இருக்கும் கிண்டியில் தொழிற்பேட்டை உருவானது. அரசாங்கம் ஷெட் கட்டிக் கொடுத்துச் சின்னத் தொழில்காரரை உட்கார வைத்த முயற்சி அது.

நமக்கு என்ன?

இதெல்லாம் எதற்கு என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது.

1974-ல் நம் ஊரில் பிப்டிக் தொடங்கினார்கள். 1978 முதல் நாடு முழுக்க மாவட்டத் தொழில் மையங்கள் வந்தன. தட்டாஞ்சாவடி, மேட்டுப்பாளையம், சேதராப்பட்டு தொழிற்பேட்டைகளை நம்மில் இன்பிளான்ட் டிரெய்னிங் போகாதவர் குறைவு. படித்து முடித்து நம்மில் பாதிப் பேர் இந்த மாதிரி அலுவலகங்களின் வெளியே ஃபைலோடு நிற்போம். சில பேர் பரீட்சை எழுதி உள்ளே மேசைக்கு அந்தப் பக்கம் உட்காருவோம். இந்த இரண்டு பேருக்குமே சாட்டர்ட்டன் பாடம்.

ஒரு முறை நானும் என் கிளாஸ்மேட்டும் ஒரு சின்ன ஷீட் மெட்டல் யூனிட் திட்டத்தோடு ஓர் அலுவலகத்துக்குப் போனோம். எந்த அலுவலகம் என்பது இங்கே தேவையில்லை. அங்கிருந்தவர் நல்ல மனுஷர்தான். ஆனால் கேட்டதெல்லாம் சான்றிதழ், நகல், ஜாமீன். எந்த மெஷின், எத்தனை டன் பிரஸ், ஸ்கிராப் எவ்வளவு போகும், யார் வாங்குவார்கள் என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. அவர்மேல் தப்பு சொல்லவில்லை. அவருக்குக் கொடுத்த வேலை காகிதத்தைச் சரிபார்ப்பது. சாட்டர்ட்டன் தனக்கு எடுத்துக்கொண்ட வேலையோ பொருளைச் சரிபார்ப்பது. ஓர் இலாகாவுக்குத் தலைவராக இருப்பதில் இரண்டு வகை இந்த வித்தியாசத்தில்தான் பிறக்கிறது.

அவரைத் தெய்வம் ஆக்கச் சொல்லவில்லை. அவர் அடித்த அலுமினியத் தகடு சீமையிலிருந்து வந்தது. அவர் தொடங்கிய தொழிலின் லாபம் பெரும்பாலும் முதல் போட்டவருக்குப் போனது. தோலைத் தொட்டு வேலை செய்தவரின் கூலியும் மரியாதையும் குரோம் முறை வந்ததால் மட்டும் உயர்ந்துவிடவில்லை. நெசவாளியின் வீட்டை அவர் புரிந்துகொள்ளவில்லை. இத்தனையும் உண்மை.

ஆனாலும் மூன்று விஷயங்களை அவரிடமிருந்து எடுத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன். ஒன்று, எந்தத் திட்டத்தையும் ஊரில் ஏற்கெனவே இருக்கிற கையிலிருந்தும் தேவையிலிருந்தும் தொடங்குவது. கவலைச் சால் இற்றுப்போகிறது என்ற சின்னக் குறையிலிருந்துதான் குரோம் தோல் வந்தது. இரண்டு, செய்து, விற்று, கணக்குக் காட்டுவது. கண்காட்சியில் பரிசு வாங்கியதும் நம் பிராஜெக்ட் மாடலைப் பரணில் போட்டுவிடுகிறோமே, அங்கேதான் நாம் தோற்கிறோம். மூன்று, விட்டுக் கொடுப்பது. வளர்ந்த தொழிலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நாற்காலியைப் பெரிதாக்காமல், அடுத்தவர் கையில் கொடுத்துவிட்டு அடுத்த வேலைக்குப் போவது.

நான்காவதாக ஒன்றை நாம்தான் சேர்க்க வேண்டும். கழிவு எங்கே போகும், தண்ணீர் எவ்வளவு மிஞ்சும், வேலை செய்பவருக்கு என்ன கிடைக்கும் என்ற கணக்கு. அது சாட்டர்ட்டன் நோட்டில் இல்லாத பக்கம்.

வருகிற ஆண்டு பிராஜெக்டுக்குத் தலைப்பு தேடுகிற தம்பிகளே, தங்கைகளே! கம்ப்யூட்டரில் தேடுவதற்கு முன்னால் ஒரு நாள் உங்கள் தெருவில் நடந்து பாருங்கள். மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் எப்படி உடைக்கிறார்கள், மண் பொம்மை செய்பவர் சூளை எப்படிப் போடுகிறார், பேக்கரிக்காரருக்கு மாவு பிசைவதில் என்ன கஷ்டம் என்று கேளுங்கள். எது இற்றுப்போகிறது, எது வீணாகிறது, எது கையை நோக வைக்கிறது என்று எழுதிக்கொண்டு வாருங்கள். ஒர்க்‌ஷாப் சாவி வாங்குகிற பொறுப்பை நம் சங்கம் ஏற்றுக்கொள்ளும்.